எண்ணூர் மணலில் ஒரு பித்தளைக் குடம்

எண்ணூர் முகத்துவாரத்தில் கரையேற்றிய நீல ஃபைபர் படகின் அருகே, மணலில், ஒரு பித்தளைக் குடம். கைபேசித் திரையில் மட்டும்தான் அது இருக்கிறது. ஆக்மென்டட் ரியாலிட்டி வைத்துவிட்ட குடம் அது. சற்றே குனிந்து பாருங்கள், அத்தனை அழகு!

முதலில் அடிப்பகுதி. குடம் மணலைத் தொடும் வளைவில் மெல்லிய கருங்கீற்று ஒன்று ஓடுகிறது. அந்தக் கீற்றை எடுத்துவிட்டால் குடம் அந்தரத்தில் மிதக்கும். அது இருப்பதால்தான் குடத்துக்கு எடை வருகிறது. கடல் பக்கமிருந்து எழும் காலை வெயிலில் நிழல் ஊரை நோக்கி நீள்கிறது. அடியில் அடர்ந்து கூர்ந்த விளிம்பு, கழுத்தின் நிழல் விழும் இடத்தில் இளகிக் கரைகிறது. சூரியன் வானில் ஏறத்தாழ அரை டிகிரி அகலமுள்ள வட்டு என்பதால், நிழல் தள்ளி விழ விழ அதன் ஓரம் நெகிழும். அந்த நெகிழ்வையும் கணக்கிட்டு வரைந்திருக்கிறார்கள். எவ்வளவு பரிவான கை!

நிழல் விழ ஒரு தரை வேண்டுமே. மணலின் மேல் கண்ணுக்குத் தெரியாத தளம் ஒன்றை விரித்து, நிழலை மட்டும் அது ஏந்தும்படி செய்கிறார்கள். இந்தக் கலைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் பால் டெபவெக். 1998இல் அவர் காட்டிய வழி இன்றும் என்னைச் சொக்க வைக்கிறது. பொருள் இருக்கும்போது அந்த இடம் எப்படித் தெரியும், இல்லாதபோது எப்படித் தெரியும் என்று இரண்டையும் கணித்து, இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் நிஜப் படத்தோடு சேர்ப்பார். மணல் மணலாகவே இருக்கும். குடம் வந்ததால் அதில் என்ன மாறுமோ அது மட்டும் மாறும்.

இனி குடத்தின் வயிறு. அந்த இடத்தின் ஒளியை அள்ள டெபவெக் பளபளக்கும் கண்ணாடிப் பந்தைப் படமெடுத்தார். சினிமா தளங்களில் இன்றும் அந்தப் பழக்கம் உண்டு. நம் கையில் பந்து ஏது? கூகுளின் ஆக்மென்டட் ரியாலிட்டி மென்பொருளான ஏஆர்கோர் 2019 முதல், கேமரா காணும் காட்சியை மட்டும் வைத்து, காணாத திசைகளின் ஒளியையும் ஊகிக்கிறது. எதிர்க்கரை அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பித்தளையில் தேடாதீர்கள். ஊகம் அத்தனை துல்லியமல்ல. ஆனால் மேலே வெளிறிய வானம், கீழே மணலின் பழுப்பு, ஒரு பக்கம் படகின் நீலச் சாயல், மூன்றும் இழைந்து பொன்னிறத்தில் தவழ்கின்றன. குடத்தை அந்த வெளிச்சத்துக்குள் குடியமர்த்துவது இந்த மங்கலான நீலம்தான் என்பேன்.

கேமராப் படத்தில் எப்போதும் இருக்கும் நுண்புள்ளிகளையும் குடத்தின் மேல் தூவிவிடுகிறார்கள். ஆப்பிள் கருவிகளில் இதுவும் 2019இல் வந்தது. சிறிய வேலை, பெரிய நயம்.

அடுத்து, மறைத்தல். குடத்தைப் படகுக்குப் பின்னால் நகர்த்தினால், ஆழத்தை அளந்து, படகின் வளைவுக்கு அப்பால் உள்ள பாதியை மட்டும் அழித்துவிடுகிறது நிரல். உலர்த்தியிருக்கும் வலைக்குப் பின்னால் வைத்தால் தடுமாறுகிறது; நூலிழைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் பித்தளையைத் தனித்தனியாக வெட்ட, கைபேசி அளக்கும் ஆழம் போதாது. ஆகவே வலையை விட்டுப் படகின் அணியம் பக்கம் வாருங்கள். பெயிண்ட் உரிந்த விளிம்பு குடத்தின் தோளைக் கடக்கும் இடத்தில், கோடு எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது!