காதுக்கு மெய்யானது

எட்டிமோட்டிக் ஈஆர்-4ஐக் காதில் சும்மா மாட்டிக்கொள்ள முடியாது, செருகத்தான் வேண்டும். மூன்று அடுக்குக் குடை போலிருக்கும் ரப்பர் முனையை லேசாக ஈரப்படுத்தி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, காதுக்குழாயின் வளைவைத் தாண்டும்வரை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். முதல் தடவை செய்கிறவர்கள் பாதியிலேயே "போதும்டா சாமி" என்று நிறுத்திவிடுவார்கள். அங்கே நிறுத்தினால் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போக வேண்டும். போனதும் மின்விசிறி, தெரு, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் அணைந்துவிடும். உங்கள் மூச்சும் எச்சில் விழுங்கும் ஓசையும்தான் மிஞ்சும். இந்த இயர்போனுக்கு பாஸே இல்லை என்று திட்டியவர்களில் பாதிப்பேர் அந்தக் கடைசி மில்லிமீட்டர்களைத் தாண்டாதவர்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். மீதிப் பாதி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பது ஈஆர்-4பி. 2009-ல், விடுமுறைக்கு ஊர் வந்த நண்பனின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி வந்தது. அன்றைய என் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி. பிறகு 2016-ல் ஆப்பிள் ஐபோன் 7-லிருந்து ஹெட்போன் துளையை எடுத்தது, மற்றவர்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். நானும் எல்லோரையும் போல ப்ளூடூத்துக்கு மாறினேன். ஈஆர்-4பி மேசை இழுப்பறைக்குப் போனது. இடையில் மூன்று ஜோடி வயரில்லா பட்ஸ் வாங்கி, மூன்றின் பேட்டரியும் செத்து, மூன்றையும் தூக்கிப்போட்டாயிற்று. நாலாவது வாங்குவதற்கு முன்னால்தான் இழுப்பறை ஞாபகம் வந்தது.

டாங்கிளில் செருகிக் கேட்டால் இடது பக்கம் மங்கலாக ஒலித்தது. போச்சு என்றுதான் நினைத்தேன். போகவில்லை. இதன் மூக்கு நுனியில் மிளகில் பாதி அளவுக்கு ஒரு பச்சை வடிகட்டி உண்டு, அதில் குறும்பி ஏறியிருந்தது. கூடவே வந்த சின்னத் திருகுக் கருவியால் பழையதைப் பிடுங்கிப் புதியதை அழுத்தினால் வேலை முடிந்தது. கேபிளும் அப்படித்தான், கழற்றி மாற்றலாம். ஒரு பொருள் கெடும் என்பதை முன்கூட்டியே யோசித்து, எங்கே கெடுமோ அங்கே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். இன்றைய பட்ஸ்களில் பேட்டரியைச் சேர்த்து ஒட்டி மூடிவிடுகிறார்களே, அதைப் பார்த்துப் பழகிய கைக்கு இது கொஞ்சம் மலைப்பாக இருந்தது.

அந்த யோசனை இசைச்சாதன உலகத்திலிருந்து வந்ததல்ல, காதுகேட்கும் கருவி உலகத்திலிருந்து வந்தது. மீட் கில்லியன் என்ற பொறியாளர் காதுகேட்கும் கருவிகளுக்கு உதிரிபாகம் செய்யும் நோல்ஸ் நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, 1983-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்டிமோட்டிக் ரிசர்ச்சைத் தொடங்கினார். பெயருக்கு 'காதுக்கு மெய்யானது' என்று பொருள் சொல்கிறார்கள். கிரேக்கத்தில் 'எட்டிமோஸ்' என்றால் மெய். சொற்பிறப்பியலை எட்டிமாலஜி என்கிறோமே, அதே வேர்தான். 1991-ல் ஈஆர்-4 வந்தது. அப்போது இசை கேட்பதற்கென்று இவ்வளவு ஆழமாகக் காதுக்குள் போகும் இயர்போன் கடைகளில் கிடையாது. நீங்கள் இன்று ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு வாங்கும் இன்-இயர் எல்லாவற்றுக்கும் இது ஒருவகையில் தாத்தா.

இதன் உள்ளே ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் ட்ரைவர். இரண்டு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய உலோக நாக்கு ஒன்று சமநிலையில் நிற்கும். அதைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் நாக்கு அசையும். அசைவை ஒரு சிறு தண்டு எடுத்துப்போய் மேலே இருக்கும் சவ்வைத் தள்ளும். காதுகேட்கும் கருவிக்குள் இருப்பதும் இதே இனம்தான். பிற்பாடு வந்தவர்கள் ஒரு காதுக்கு மூன்று, ஆறு, பன்னிரண்டு என்று ட்ரைவர்களை அடுக்கினார்கள். விலையும் டாலரில் நாலு இலக்கத்துக்குப் போனது. அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் பலவற்றில் கீழ்ச்சுருதி ஒரு வீட்டிலும் மேல்ச்சுருதி இன்னொரு வீட்டிலும் குடியிருப்பது கேட்கும். ஈஆர்-4-ல் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

அதைவிட முக்கியமான சங்கதி வேறு. நம் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழல். எந்தக் குழலையும் போல அதற்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு. 2,700 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் செவிப்பறையை அடையும்போது கணிசமாகப் பெருகியே அடைகின்றன. பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டதால் நமக்கு அது தெரியாது. குழாயை அடைத்து இயர்போன் செருகினால் இந்த இயற்கைப் பெருக்கம் காணாமல் போகிறது. ஆகவே இயர்போனே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கில்லியன் ஆட்கள் செய்தது இதைத்தான். எல்லாப் பக்கமிருந்தும் ஒலி வரும் ஓர் இடத்தில் திறந்த காதோடு ஒருவர் நின்றால் செவிப்பறைக்கு என்ன வந்து சேருமோ, அதை அளந்து, அந்த வளைகோட்டை நோக்கி ட்ரைவரைச் சரிசெய்தார்கள். ஆழமாகச் செருகச் சொல்வதும் அதற்காகத்தான்.

காகிதத்தில் சரி. கேட்டால் எப்படி?

தம்புராவிலிருந்து தொடங்குகிறேன். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பஞ்சு நூல் வைப்பார்கள், ஜீவாளி என்று பெயர். தம்புராவின் அந்த ரீங்காரம் நூல் சரியான இடத்தில் உட்கார்வதால் வருவது. கச்சேரிப் பதிவுகளில் பெரும்பாலும் தம்புரா பின்னால் ஒரு புகைமூட்டம் போல நிற்கும். ஈஆர்-4-ல் அந்த மூட்டம் இழை இழையாகப் பிரிகிறது. ஒரு தந்தி மீட்டப்பட்டு, அதற்குள்ளிருந்து மேல்ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, அடுத்த தந்திக்குள் கரைவதைப் பின்தொடரலாம். பாடகர் மூச்சு இழுக்கும் இடம் தெரியும். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் எந்த இடத்தில் விழுகிறது என்பதுகூட ஊகிக்க முடிகிறது.

இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' 1986-ல் வந்தது. வி.எஸ். நரசிம்மனின் வயலின். இந்த ஆல்பத்தை நான் கேசட், எம்பி3, யூட்யூப், பட்ஸ் என்று எல்லா அவதாரத்திலும் கேட்டிருக்கிறேன். பலவற்றில் வயலின் மேலே மிதக்க, கீழே மற்றதெல்லாம் ஒரு திண்டு போலக் கிடக்கும். இப்போது கீழே இருப்பவையும் தனித்தனிக் குரல்களாக எழுந்து உட்கார்ந்தன. ராஜாவின் பாஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுக்க வந்த வாத்தியமில்லை, அது தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறது என்று ரசிகர்கள் சொல்வார்கள். பாஸ் பெருத்த இயர்போன்களில் அது 'தும் தும்' என்று நெஞ்சில் மோதுமே ஒழிய, எந்த ஸ்வரம் என்று புரியாது. இங்கே மோதல் இல்லை, ஸ்வரம் இருக்கிறது.

அந்த மோதல் இல்லாததுதான் பிரச்சினையும். தவிலை இதில் கேட்காதீர்கள். பறையையும் கேட்காதீர்கள். மிருதங்கத்தில்கூட இடந்தலையின் கும்கி காதுக்கு வருகிறது, வயிற்றுக்கு வருவதில்லை. நாம் தாளவாத்தியத்தைக் காதால் மட்டும் கேட்பதில்லையே. கோயில் வாசலில் தவில் முழங்கும்போது தரை, விலா எலும்பு, பக்கத்தில் நிற்பவரின் தோள் எல்லாமே கேட்கின்றன. செவிப்பறைக்கு முன்னால் ஓர் அளவைக் கருவியை வைத்து 'இதுதான் மெய்' என்று சொல்லும்போது, உடம்பு கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறது. 2010-களில் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் சகாக்களும் வேறு வழியில் போனார்கள். ஆட்களை உட்காரவைத்து விதவிதமான ஒலிகளைப் போட்டு, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுத்ததில் ஈஆர்-4-ல் இருப்பதைவிட பாஸ் தாராளம். இன்று பல இயர்போன்கள் அந்த முடிவைப் பார்த்துத்தான் செய்யப்படுகின்றன. கில்லியன் காதைக் கேட்டார், ஆலிவ் காது வைத்திருப்பவரைக் கேட்டார் எனலாம். பாஸ் விஷயத்தில் நான் ஆலிவ் கட்சி. குரல் விஷயத்தில் கில்லியன் கட்சி. பாடும் மனிதர் எதிரில் உட்கார்ந்திருப்பது போன்ற அந்த அண்மையை, இவ்வளவு குறைந்த ஒப்பனையோடு, வேறு இயர்போனில் நான் கேட்டதில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம் பழைய பாட்டுகளின் டிஜிட்டல் பிரதிகளில் பல அவசரத்தில் செய்தவை. நாடாவின் இரைச்சல், அதை மறைக்கப்போய் மழித்துவிட்ட மேல்ச்சுருதி, சத்தத்தை ஏற்றியதில் நசுங்கிய தபேலா எல்லாவற்றையும் ஈஆர்-4 காட்டிக்கொடுக்கும். இரண்டு வாரத்தில் நான் பாட்டை விட்டுவிட்டுப் பதிவைக் கேட்க ஆரம்பித்திருந்தேன். அச்சுப்பிழை மட்டுமே கண்ணில் படும் விமர்சகர்கள் சிலர் நம்மிடையே உண்டு, கிட்டத்தட்ட அந்த வியாதி. மருந்து: நல்ல பாட்டாகப் போடுவது.

இதையெல்லாம் தாண்டி இந்தப் பொருள் எனக்கு இப்போது முக்கியமாகப் படுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அப்பா ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் 31 வருடம் வேலை செய்தவர். காதில் வைக்கப் பஞ்சுக்கு அங்கே பஞ்சமில்லை, ஆனால் யாரும் வைத்ததில்லை. ஓயாத இரைச்சல் காதை முதலில் அரிக்கும் இடம் பொதுவாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. உயிரெழுத்துகளின் பலம் அதற்குக் கீழே இருப்பதால் அவை தப்பிக்கும். ச, த, க போன்றவற்றின் விளிம்புகள் போய்விடும். "சத்தம் கேக்குதுடா, பேச்சுதான் புரியல" என்பார். வீட்டில் நாங்கள் இன்னும் கத்துவோம். கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும்.

மெஷின் வாங்கிக் கொடுத்தோம். போடமாட்டார். "ஏம்ப்பா, போட்டுக்கிட்டா என்ன?" என்றால், "அதப் போட்டா ஊருக்கே செவிடன்னு எழுதி ஒட்டுன மாதிரி" என்கிறார். அதே இனத்து ட்ரைவரை நான் காதில் செருகிக்கொண்டு ரயிலில் போகிறேன். பக்கத்துப் பையன் "அண்ணா, என்ன மாடல், எவ்வளவு?" என்று கேட்கிறான். ஒன்று குறை என்று அடையாளம் காட்டுகிறது, மற்றது ரசனை என்று. இரண்டையும் தயாரித்தவர்களுக்கு இந்த வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. ஈஆர்-4க்கு முன்பே எட்டிமோட்டிக் இசைக்கலைஞர்களுக்கென்று காதடைப்பான்கள் செய்தது. எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் 15 டெசிபல் குறைக்கும் அடைப்பான். இசை அப்படியே இருக்கும், காதும் மிஞ்சும்.

ஈஆர்-4-ன் அந்தக் கொடூரமான செருகலுக்கும் இந்தப் பக்கம் ஓர் அர்த்தம் உண்டு. வெளிச்சத்தத்தை 35 டெசிபலுக்கும் மேல் அடைக்கிறது என்று நிறுவனம் சொல்கிறது. அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்று கணக்கு வைத்திருக்கிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பஸ் எஞ்சினோடு போட்டிபோட்டு வால்யூமை ஏற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாநகரப் பேருந்தில் என் பட்ஸுக்கு 15-ல் 11 அல்லது 12 வேண்டியிருந்தது. ஈஆர்-4பிக்கு 5 போதும். (சாலை கடக்கும்போது கழற்றிவிடுங்கள். லாரி ஹாரன்கூடக் கேட்காது. நடந்தால் கேபிள் சட்டையில் உரசும் ஒலி தொம் தொம்மென்று தலைக்குள் விழும், ஆகவே இது நடக்கிறவர்களுக்கான பொருளும் இல்லை.)

2016-ல் இதன் வாரிசுகளாக ஈஆர்4எஸ்ஆர், ஈஆர்4எக்ஸ்ஆர் என்று இரண்டு வந்தன. எக்ஸ்ஆரில் பாஸைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். ஆலிவ் கட்சிக்காரர்கள் அதைத் தேடலாம். என்னுடையது இருக்கட்டும். ஒரு பாக்கெட் வடிகட்டியும் இரண்டு ஜோடி ரப்பர் முனையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடியின் விலைக்கு உள்ளூர் கடையில் முழு இயர்போனே கொடுப்பார்கள், அதுதான் கொஞ்சம் எரிச்சல்.