படிக்க மறுக்கும் கதைசொல்லி: சில குறிப்புகள்

இளைஞர் ஒருவர் பதினான்கு சிறுகதைகளை அச்செடுத்து, நூல் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். "யாரையெல்லாம் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "படிக்கிறதில்ல சார். வேணும்னேதான். படிச்சா அவங்க பாதிப்பு வந்துடும். என் எழுத்து என்னோடதா இருக்கணும்" என்றார். சொன்னதில் பாவனை ஏதும் இல்லை. விரதம் இருப்பவர் முகத்தில் தெரிகிற தெளிவு அவர் முகத்தில் இருந்தது.

கதைகளைப் படித்தேன். முதல் கதையில் மழை பெய்கிறது, அவன் அவளை நினைக்கிறான். மூன்றாவதில் கிராமத்துப் பாட்டி சாகிறாள், பேரன் நகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறான், ஜன்னலோரம் நினைவுகள். ஏழாவதில், அவன் இதுவரை பேசிக்கொண்டிருந்த பெண் ஏற்கெனவே இறந்தவள் என்று கடைசி வரி சொல்கிறது. ஒன்றுகூட அவருடையதில்லை. வாரப் பத்திரிகையும் சினிமாவும் தொலைக்காட்சித் தொடரும் சேர்ந்து நம் எல்லோர் மண்டையிலும் நிரப்பி வைத்திருக்கிற பொதுக் கிடங்கிலிருந்து வந்தவை. யாரையும் படிக்காதவருக்குப் பாதிப்பே இல்லை என்பது பொய். யாருடைய பாதிப்பு என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். மொழி யாருக்கும் தரிசாகக் கிடைப்பதில்லை. ஏற்கெனவே உழுது, விதைத்து, வரப்புத் தகராறும் நடந்து முடிந்த நிலமாகவே அது நம் கைக்கு வருகிறது.

இதைத்தான் ரோலான் பார்த் 1960களின் கடைசியில் 'ஆசிரியனின் மரணம்' கட்டுரையில் வேறு விதமாகச் சொன்னார் என்று தொண்ணூறுகளில் நாங்கள் ஆளாளுக்கு எழுதித் தள்ளினோம். அந்தக் கட்டுரை பால்சாக்கின் 'சராசீன்' கதையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. 1970இல் வந்த 'எஸ்/இஸட்' முழுப் புத்தகமும் அதே கதையைப் பற்றியதுதான். எங்களில் எத்தனை பேர் அந்தக் கதையைப் படித்தோம்? பார்த்தைப் படித்தோம், பால்சாக்கைப் படிக்கவில்லை. பிரதிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடாடுவது பற்றிப் பேசியவர்களின் கையில் இருந்தது ஒரே பிரதி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் கதை எழுதியவன். இருபத்திரண்டு வயதில் மௌனி கிடைத்தார். அதற்குப் பிறகு வேறு எதையும் படிக்கப் பிடிக்கவில்லை. அவருடைய கதைகள் மொத்தமே இருபத்து நாலோ என்னவோ. அவற்றையே திரும்பத் திரும்பப் படித்தேன். என் கதைகளிலும் அந்தி வந்தது, நிழல் வந்தது, பெயரில்லாத ஒருவன் கோயில் பிராகாரத்தில் நின்றான். ஒரு சிற்றிதழ் ஆசிரியருக்கு நான்கு கதைகள் அனுப்பினேன். போஸ்ட் கார்டில் பதில் வந்தது: "மௌனி நன்றாகவே எழுதியிருக்கிறார். நீங்கள் எதற்கு?" ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மௌனி கணிதம் படித்தவர், சங்கீதத்தில் ஊறியவர், தத்துவத்தில் தோய்ந்தவர் என்பதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்த தகவல்கள்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு ராக ஆலாபனை இருக்கக்கூடும், அதைத் தேடிப் போகவேண்டும் என்று தோன்றவில்லை. வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கார்டு வந்த பிறகு கதை எழுதுவதை விட்டவன்தான், திரும்ப முடியவில்லை. விமர்சனம் எழுத வந்த கதை இதுதான் என்று யாராவது கேலி செய்தால் மறுக்கமாட்டேன்.

எனவே இரண்டு வியாதிகள். ஒன்றுமே படிக்காதவன் பொதுக்கிடங்குக்கு அடிமை. ஒருவரை மட்டும் படிப்பவன் அந்த ஒருவருக்கு அடிமை. ஒரே லேவாதேவிக்காரரிடம் கடன்பட்டவன் நிலைதான் இரண்டாமவனுக்கு. பத்துப் பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியவனை எவராலும் முழுசாகப் பிடித்துக்கொள்ள முடியாது. பரந்த வாசிப்பு பாதிப்பைக் கூட்டுகிறது என்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிப்பிலிருந்து விடுபட அதைத் தவிர வேறு உபாயம் கிடையாது.

மார்க்வெஸ் அலை ஞாபகம் வருகிறது. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' முழுதாகத் தமிழில் வந்தது 2013இல். அதற்கு இருபது வருஷம் முன்பே நம் கதைகளில் ஆட்கள் பறக்கத் தொடங்கிவிட்டார்கள். சிற்றிதழ்களில் வந்த சில கதைகளும், ஆங்கிலத்தில் புரட்டிய சில பக்கங்களும் போதுமானதாக இருந்தன. மார்க்வெஸோ போகோட்டாவில் சட்டம் படிக்கையில் காஃப்காவைப் படித்துத் தூக்கிவாரிப் போட்டவர். ஃபாக்னரிலும் வர்ஜீனியா வுல்ஃபிலும் கிரேக்க நாடகத்திலும் பாடம் கேட்டவர். பல வருஷம் செய்தித்தாளுக்கு எழுதியவர். 1961இல் மெக்ஸிகோ போன பிறகு ஹுவான் ருல்ஃபோவின் சின்ன நாவலை மனப்பாடமாகிற அளவு படித்தார். நாம் பறக்கிற பெண்ணை மட்டும் இறக்குமதி செய்தோம். நிருபர் வேலையை இறக்குமதி செய்யவில்லை.

தமிழிலேயே இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று உண்டு. ப. சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். போருக்குப் பிறகு திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனி வாழ்க்கை. இலக்கியக் குழு எதிலும் இல்லை, சிற்றிதழ் எதிலும் இல்லை. இரண்டே நாவல்கள்: 1959இல் 'கடலுக்கு அப்பால்', 1972இல் 'புயலிலே ஒரு தோணி'. 1997இல் இறந்தார்.

'புயலிலே ஒரு தோணி'யின் மூலப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் நுழைகிற மேடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், கடலில் தொங்கான் பயணம். இதைச் சாகசக் கதையாக எழுத ஆயிரம் பேர் கிடைப்பார்கள். சிங்காரத்திடம் நடப்பது வேறு. பாண்டியனும் மாணிக்கமும் மதுக்கிண்ணத்தோடு உட்கார்ந்து பேசுகிற பக்கங்களில் சிலப்பதிகாரமும் தாயுமானவரும் மேடைத் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் இடித்துக்கொள்கின்றன. தமிழ்ப் பெருமை பேசப்படுகிறது, அடுத்த வரியிலேயே அதன் வேட்டி அவிழ்க்கப்படுகிறது. மொத்த மரபையும் படித்தவனால் மட்டுமே செய்யக்கூடிய கேலி இது. பாதி படித்தவன் செய்தால் வெறும் வசையாகியிருக்கும். இன்னொரு பக்கம், போர் வருகிற இடங்களில் வாக்கியம் சட்டென்று வற்றிப் போகிறது. உணர்ச்சியை எழுதாமல் செய்கையை மட்டும் எழுதுகிற இந்தச் சிக்கனம் சிலம்பிலிருந்து வந்ததல்ல, ஹெமிங்வே பக்கத்திலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். பிறகு கடைத்தெரு வர்ணனைகள்: சரக்குகளின் பெயர், நாணயத்தின் பெயர், தெருவின் பெயர், சீனமும் மலாயும் டச்சும் கலந்த பேச்சு. இதைக் கணக்குப் பேரேடு படித்த கண் எழுதியிருக்கிறது. பேரேடும் வாசிப்புதான் என்பதை நம்மாட்கள் ஒத்துக்கொள்வதில்லை.

இந்த மூன்றில் எதையாவது ஒன்றை உருவிவிட்டுப் பாருங்கள். ஹெமிங்வே மட்டும் இருந்தால் அது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிற போர்க்கதை. சிலம்பு மட்டும் இருந்தால் புலவர் நடை. பேரேடு மட்டும் இருந்தால் பயணக் குறிப்பு. ஒன்றின் பிடியிலிருந்து இன்னொன்று அவரை விடுவித்துக்கொண்டே போகிறது. நாவல் யாரைப் போலவும் இல்லாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

உடனே எழுகிற கேள்வி தெரியும். "கி.ரா. என்ன படிச்சாரு? பள்ளிக்கூடமே சரியாப் போகலையே?" எந்த ஊரில் பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். இடைசெவல் கி. ராஜநாராயணனுக்கு அதே ஊரில் கு. அழகிரிசாமி என்று ஒரு சிநேகிதர் இருந்தார்; கார்க்கியை மொழிபெயர்த்தவர், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர். பக்கத்திலேயே விளாத்திகுளம் சுவாமிகளின் சங்கீதம். குற்றாலத்தில் டி.கே.சி.யும் கம்பனும். போதாததற்குக் கரிசல் சனங்களின் வாய்மொழிக் கதை அத்தனையையும் காதால் படித்து, வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தார். அகராதி தொகுத்தவரைப் போய்ப் 'படிக்காத மேதை' என்று கொண்டாடுவது நம் சோம்பலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் சால்வை.

எங்கள் தலைமுறையின் வாசிப்பும் நாங்களாகத் தேர்ந்தெடுத்தது என்று பீற்றிக்கொள்ள முடியாது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன, டால்ஸ்டாய் படித்தோம். 1991க்குப் பிறகு அது நின்றுபோனது. நேஷனல் புக் டிரஸ்ட் போட்டதால் 'அக்னி நதி'யும் 'நீலகண்டப் பறவையைத் தேடி'யும் படித்தோம். பக்கத்து மாநிலத்தில் அந்த வருஷம் யார் என்ன எழுதினார்கள் என்பது பல சமயம் தெரியாது, போகோட்டா தெரியும்.

பதினான்கு கதை இளைஞர் மறுபடி வந்தார். கதைகளைப் பற்றி நான் நினைத்ததைச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போல. முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு அந்தப் போஸ்ட் கார்டு ஞாபகம் வந்தது. வெகுநேரம் கழித்து, "சரி சார், ஒரு லிஸ்ட் குடுங்க" என்றார். பட்டியல் கொடுக்க மனம் வரவில்லை. க.நா.சு. பட்டியல் போட்டார் என்றால், 'நிலவள'த்தையும் 'மதகுரு'வையும் தானே உட்கார்ந்து மொழிபெயர்த்த கையால் போட்டார். அலமாரியிலிருந்து சித்தலிங்கையா மொழிபெயர்த்த சிவராம் காரந்தின் 'மண்ணும் மனிதரு'ம், ஒரு பழைய பஞ்சாங்கம், காவடிச்சிந்து மூன்றையும் எடுத்துக் கையில் வைத்தேன். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்?" என்றார்.

"வாரம், திதி, நட்சத்திரம்னு ஒரு நாளுக்கு எத்தனை பேர் இருக்குன்னு பாருங்க. உங்க கதையில எப்பவும் 'ஒரு நாள்'தான் வருது" என்றேன்.

புத்தகங்கள் இன்னும் திரும்பி வரவில்லை.