மடங்கும் ஸ்பிரிங்

ஐபிஎம் 1985-இல் கொண்டுவந்த ‘மாடல் எம்’ கீபோர்டு இரண்டு கிலோவுக்கு மேல் எடை. உள்ளே வளைந்த எஃகுத் தகடு. எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் மேசையில் நகராது.

அதன் உயிர் விசைகளுக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு மெல்லிய ஸ்பிரிங் நிற்கிறது. அழுத்தினால் முதலில் எதிர்க்கும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் சட்டென்று பக்கவாட்டில் மடங்கிவிடும். அந்த மடக்கில் அடியிலுள்ள சிறு நெம்புகோல் சாய்ந்து, மின்தொடுப்புத் தாள்களை அழுத்துகிறது. ‘டக்’ ஓசை, விரல் உணரும் தளர்வு, எழுத்தின் பதிவு மூன்றும் அந்த ஒரே மடக்கில் பிறக்கின்றன. இன்றைய ஓசைச் சுவிட்சுகள் பலவற்றில் ஒலிக்கென்று தனி உறுப்பு வைக்கிறார்கள்; இங்கே ஓசையே வேலை நடந்ததற்குச் சாட்சி. ரிச்சர்ட் ஹாரிஸ் ஐபிஎம்முக்காக உருவாக்கிய இந்த மடங்கும் ஸ்பிரிங் அமைப்புக்கு 1978-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இவ்வளவு குறைந்த உறுப்புகளில் இவ்வளவு தெளிவான தொடுவுணர்வை நான் வேறெந்தக் கீபோர்டிலும் கண்டதில்லை.

விசை மூடிகளும் அருமை. எழுத்துகளின் சாயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறியிருப்பதால் எளிதில் அழிவதில்லை.

குறை ஒன்று உண்டு. தகட்டைப் பிணைக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் காலப்போக்கில் உடைகின்றன. தட்டும்போது இறுக்கம் போய்விடும். இந்தக் கீபோர்டை நேசிப்பவர்கள் ரிவெட்டுத் தலைகளைச் சீவி, துளையிட்டு, குட்டிப் போல்ட்டும் நட்டும் பொருத்தி மீண்டும் இறுக்குகிறார்கள்.