குப்பை அடித்தலும் குப்பையில்லா நகரமும்

எங்கள் பக்கத்துக் குடியானவர்களிடம் ‘குப்பை’ என்றால் உரம். சாணி, கூளம், அடுப்புச் சாம்பல் எல்லாம் குழியில் கிடந்து மக்கியதை வண்டியேற்றிக் காட்டில் கொட்டுவதற்குப் பேரே ‘குப்பை அடிக்கறது’. இந்த விஷயத்தைப் பேச இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

2000களின் தொடக்கத்தில் நாமக்கல் நகராட்சி ‘குப்பையில்லா நகரம்’ என்று பேர் வாங்கியது. வீடு வீடாகச் சேகரித்து, பிரித்து, உரமாக்கினார்கள். ஐஎஸ்ஓ 14001 சான்றும் கிடைத்தது. அந்த உழைப்பு பெரிது. ஆனால் அந்தப் பட்டத்தில் ஒரு கோளாறு உண்டு. ஐஎஸ்ஓ 14001 பார்ப்பது ஒழுங்கான நிர்வாக முறை இருக்கிறதா என்பதை. மண்ணிலும் காற்றிலும் கிணற்றிலும் என்ன இறங்கியது என்பதற்கு அது கணக்கு அல்ல. தெரு சுத்தமானால் குப்பை தீர்ந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொள்கிறோம். சேலத்துக்காரர்கள் எருமாபாளையத்தையும் செட்டிச்சாவடியையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும்.

சரி, எந்த வழிதான் மேல்? நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை மேடாகக் குவித்தால் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைப்போல் 27 மடங்குக்கும் மேல் சூடேற்றுவது. எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்பார்கள். அதற்குக் குப்பையில் வெப்பம் வேண்டும். 2016 விதிகள் சொன்ன அளவு கிலோவுக்கு 1500 கிலோகலோரி. 1987இல் டெல்லி திமார்ப்பூரில் கட்டிய ஆலை, வந்த குப்பையில் அவ்வளவு வெப்பம் இல்லாமலே மூடிப்போனது. காற்றுப்பட அவ்வப்போது புரட்டிவிட்டு மக்கவைத்தால் மீத்தேன் வெகுவாகக் குறையும், உரமும் மிஞ்சும். சாண எரிவாயுக் கலன்போல மூடிய கலத்தில் அழுகவிட்டால் எரிவாயுவும் கிடைக்கும், கழிவு உரமாகும். காய்ந்த காகிதத்துக்கோ இங்கேயே வேலை இருக்கிறது. முட்டை அடுக்கும் அட்டைத்தட்டு பழைய காகிதக் கூழில்தானே செய்கிறார்கள்!

ஆனால் இந்த வரிசையெல்லாம் ஒரே இடத்தில் கவிழும். எங்கள் தெருவில் ஒரு அக்கா கேட்டார்: “ஏனுங்க, நாங்க மக்குறது மக்காததுன்னு ரெண்டு டப்பாவுல பிரிச்சுக் குடுக்கறோம். வண்டியில ஒண்ணாத்தானுங்களே கொட்றாங்க?” பதில் சொல்ல முடியவில்லை. ஒரு டயாபரும் நாலு பால் கவரும் உள்ளே விழுந்த உரத்தை எந்த விவசாயியும் தன் காட்டில் விடமாட்டார். தூய்மைப் பணியாளர்மேல் பழி போடவும் முடியாது; வண்டியிலேயே தடுப்பு இல்லையென்றால் அவர் என்ன செய்வார்?

ஆகவே சுற்றுச்சூழல் மதிப்பீட்டைச் சான்றிதழில் தேட வேண்டாம். ஒரு நகரத்தின் உரத்தை நம்பி ஒரு குடியானவர் தன் காட்டுக்குக் குப்பை அடிக்கிறாரா? அதுதான் பரீட்சை.