நீள்வட்டத்துக்குள் இரண்டு முகங்கள்

1773 மார்ச்சில் லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் ‘ஷீ ஸ்டூப்ஸ் டு கான்கர்’ நாடகம் முதன்முறையாக மேடையேறியது. அதில் ஹார்ட்கேசில் அம்மாள் என்றொரு பாத்திரம். நாட்டுப்புறத்து மாளிகையில் முடங்கிக் கிடப்பவர். லண்டனைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் லண்டனின் ஒவ்வொரு அசைவும் தனக்கு அத்துப்படி என்பார். எப்படி என்றால், மாதந்தோறும் பத்திரிகையில் வரும் ‘தேத்-ஆ-தேத்’ ஒன்றுவிடாமல் படித்துவிடுகிறாராம். கொட்டகையில் இருந்தவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அவர்களும் அதைப் படிப்பவர்கள்தான்.

‘டவுன் அண்ட் கண்ட்ரி மேகசின்’ என்ற மாத இதழ் 1769 ஜனவரியில் தொடங்கியது. அறிவு, போதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றின் களஞ்சியம் என்று முகப்பில் போட்டுக்கொண்டது. பயணக் குறிப்பு, கவிதை, கணக்குப் புதிர், வெளிநாட்டுச் செய்தி எல்லாம் அதில் இருந்தன. பதினேழு வயதில் இறந்துபோன கவிஞன் தாமஸ் சாட்டர்டன்கூட அதில் எழுதினான். ஆனால் வாசகர் முதலில் புரட்டியது ஒரே பக்கத்தைத்தான்: ‘தேத்-ஆ-தேத்’. அந்தப் பக்கத்தில் இரண்டு நீள்வட்டங்கள் அருகருகே இருக்கும். ஒன்றில் ஓர் ஆண், இன்னொன்றில் ஒரு பெண், இருவரும் மார்பளவுக்கு. எதிர்ப்பக்கத்தில் அவர்களுடைய ‘வரலாறு’. ஆண் பெரும்பாலும் பிரபு, அமைச்சர், படைத்தளபதி. பெண் அவருடைய மனைவி அல்லர். ஆண்டுக்குப் பன்னிரண்டு இதழ்களும் ஓர் இணைப்பிதழுமாக, இருபது ஆண்டுகளுக்கும் மேல் இந்தத் தொடர் ஓடியது. முந்நூறு ஜோடிகளுக்குக் குறையாமல் தேறும்.

படங்களைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமே மிஞ்சும். புடைத்த மூக்கோ, தொந்தியோ, கேலியோ கிடையாது. மரப்பாச்சி போல விறைத்த முகங்கள். இதற்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. செம்புத் தகட்டில் செதுக்கிய படத்தை எழுத்து அச்சோடு சேர்த்து ஓட்ட முடியாது. தனி அழுத்து எந்திரத்தில், தனித் தாளில் அச்சிட்டு இதழுக்குள் செருக வேண்டும். தகடு மென்மையானது, சில ஆயிரம் படிகளுக்குள் நுண்ணிய கோடுகள் தேய்ந்துவிடும். மாதக் கெடுவுக்குள் வேலையை முடிக்க வேண்டிய செதுக்குநர், முகத்தில் நுட்பம் காட்டி என்ன பயன்? சிகையும் உடையும் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் இந்த வெறுமையில்தான் அந்தப் பக்கத்தின் சூட்சுமம் இருக்கிறது என்பது என் எண்ணம். பக்கத்துப் பக்கத்து நீள்வட்டங்களில் ஆணும் பெண்ணும் இருப்பது, வரவேற்பறைச் சுவரில் தொங்கும் கணவன் மனைவி ஓவியங்களின் அமைப்பு. கனவான்களின் வீட்டுச் சுவரிலிருந்து அந்த மரியாதையை அப்படியே எடுத்து, உள்ளே தப்பான ஜோடியை உட்காரவைத்தார்கள். கேலி முழுவதும் அந்த இட ஒதுக்கீட்டில்தான். முகத்தைக் கோணலாக்கியிருந்தால் அது கெட்டுப்போயிருக்கும்.

பெயர்களையும் முழுசாகப் போடுவதில்லை. முதலெழுத்து, ஒரு நீண்ட கோடு, கடைசி எழுத்து. இல்லாவிட்டால் ஒரு பட்டப்பெயர். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் குற்றவியல் அவதூறு வழக்குக்கு ‘எழுதியது உண்மை’ என்பது எதிர்வாதம் ஆகாது. அந்த நிலை 1843 வரை நீடித்தது. கோடு போட்டதால் மட்டும் வழக்கிலிருந்து தப்பிவிட முடியாது. ஆனால் வழக்குப் போட வருகிற பிரபு, ‘இந்தக் கோட்டுக்குள் இருப்பது நான்தான்’ என்று சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை பேருக்கு மனசு வரும்? வாசகருக்கோ அந்தக் கோடு ஒரு விடுகதை. விடையைத் தானே கண்டுபிடித்ததால், சொன்னது பத்திரிகை அல்ல, தான்தான் என்ற நிறைவும் கிடைத்தது.

பட்டப்பெயர் சும்மா வைக்கப்படவில்லை. முதல் ஆண்டிலேயே வந்த ஒரு ஜோடியின் பெயர் ‘பாலினூரஸும் அன்னபெல்லாவும்’. பாலினூரஸ் என்பவன் ரோமானியக் கவி வர்ஜிலின் காப்பியத்தில் வரும் மாலுமி. சுக்கான் பிடித்தபடியே உறங்கிக் கடலில் விழுந்தவன். இங்கே அவன் பிரதமர் கிராஃப்டன் கோமகன். அன்னபெல்லா அவருடைய காதலி நான்சி பார்சன்ஸ். முந்தைய ஆண்டு இவர் அந்தப் பெண்ணை இசை நாடக அரங்குக்கு வெளிப்படையாக அழைத்துப் போய் ஊர் வாயில் விழுந்திருந்தார். ‘நாட்டின் சுக்கானைப் பிடித்தவர் தூங்குகிறார்’ என்று நேராக எழுதினால் அரசியல். காதல் கதைக்குள் ஒரு பெயராக ஒளித்துவைத்தால் கிசுகிசு. கிராஃப்டன் 1769இல் மனைவியை மணமுறிவு செய்தார், அதே ஆண்டில் வேறொரு பெண்ணை மணந்தார், 1770 ஜனவரியில் பதவியைவிட்டும் போனார். நான்சி பார்சன்ஸ் 1776இல் மேனார்டு பிரபுவை மணந்து சீமாட்டியானார். கோமகனைவிட அவருக்குச் சுக்கான் பிடிக்கத் தெரிந்திருந்தது.

இந்த ‘வரலாறு’களை எவ்வளவு நம்பலாம்? அந்தக் காலத்தவரே நம்பவில்லை. 1777இல் ட்ரூரி லேன் அரங்கேற்றிய ஷெரிடனின் ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்காண்டல்’ முதல் காட்சியிலேயே இதே பத்திரிகை பெயர் சொல்லி இழுக்கப்படுகிறது. வாழ்நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இருவரைக்கூட ஒரு பெண்மணி அதில் ஜோடி சேர்த்துவிட்டாராம். ஷெரிடனுக்கு இது கேள்விஞானம் அல்ல. பாடகி எலிசபெத் லின்லியோடு அவர் ஓடிப்போனதும், அதற்காக 1772இல் இருமுறை ஒற்றைக்கு ஒற்றை சண்டையிட்டதும் ஊரறிந்த கதை. இருந்தும் இன்றைய வரலாற்று நூல்கள் சில, இந்தப் பக்கங்களைச் சாட்சியம்போல எடுத்தாள்கின்றன. சங்கடமாக இருக்கிறது.

நாம் நன்கறிந்த ஆங்கிலக் கேலிப்படம் வேறு வகை. அது இதழுக்குள் இல்லை, கடை வாசலில் இருந்தது. ஸ்ட்ராண்ட் தெரு 39ஆம் எண்ணில் மேத்யூ டார்லியும் மேரி டார்லியும் 1771 முதல் ‘மக்கரோனி’ படங்களை விற்றார்கள். இத்தாலிக்குப் போய்வந்து கோபுரம் போன்ற பொய்மயிரோடு திரிந்த இளைஞர்களைத்தான் அப்படி அழைத்தார்கள். தாவர ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ்கூடத் தப்பவில்லை. ஈ பிடிக்கும் மக்கரோனி ஆனார். பிறகு வந்தார் ஜேம்ஸ் கில்ரே. 1791இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல்வரை போன ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ், மழையிலும் தட்டுப்பாட்டிலும் மாட்டிப் பின்வாங்கினார். கில்ரே அந்தப் பருவமழையையே திப்பு சுல்தான் கோட்டையிலிருந்து கழிக்கும் சிறுநீராக வரைந்து லண்டனில் விற்றார். வெள்ளைக்காரத் தளபதியின் தோல்வியை இத்தனை பச்சையாக வெள்ளைக்காரனே சிரித்ததை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

கில்ரேயின் முகங்கள் கத்தும். ஆனால் அவருடைய மிக நயமான படங்களில் ஒன்றில் முகமே கிடையாது. 1792இல் யார்க் கோமகனின் புது மனைவியின் பாதங்கள் எத்தனை சிறியவை என்று நாளேடுகள் உருகிக்கொண்டிருந்தன. கில்ரே வரைந்தது நான்கு காலணிகளை மட்டும்: நடுவே கோமகனின் பெரிய ஜோடி, அதன் இருபுறமும் அகன்று விரிந்த குட்டி ஜோடி. கணுக்காலுக்கு மேல் ஒன்றுமில்லை. நீள்வட்டப் பக்கம் இருபது ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைதான் இது. பார்ப்பவன் தலைக்குள் மீதிப் படம் வரையப்படுகிறது.

‘ராம்ப்ளர்ஸ் மேகசின்’, ‘பான் டன் மேகசின்’ போன்ற பிற்கால இதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கள்ள உறவு வழக்குகளின் நீதிமன்ற விவரங்களை அள்ளிக் கொட்டினார்கள். விடுகதை போய்விட்டது.

விடுகதைக்கும் விலை கொடுத்தவர்கள் உண்டு. கடற்படை அமைச்சர் சாண்ட்விச் பிரபுவைப் பத்திரிகைகள் ‘ஜெம்மி ட்விட்சர்’ என்றன. ‘பெகர்ஸ் ஆபரா’ நாடகத்தில் நண்பனைக் காட்டிக்கொடுப்பவனின் பெயர் அது. அவர் அதைத் தோளில் தூசியாகத் தட்டிவிட்டு அமைச்சரவையில் நீடித்தார். அவரோடு பல்லாண்டு வாழ்ந்து குழந்தைகள் பெற்ற பாடகி மார்த்தா ரே, 1779 ஏப்ரல் 7 இரவு கோவென்ட் கார்டன் அரங்கிலிருந்து வெளியே வரும்போது ஜேம்ஸ் ஹாக்மன் என்ற இளம் பாதிரியாரால் சுட்டுக்கொல்லப்பட்டார். பன்னிரண்டாம் நாள் ஹாக்மன் தூக்கிலேறினார். மறு ஆண்டே ஹெர்பர்ட் கிராஃப்ட் என்ற எழுத்தாளர், செத்தவர்கள் இருவரும் எழுதியதாகத் தானே புனைந்த காதல் கடிதங்களைப் புத்தகமாக்கிவிட்டார். அதற்குள், சாட்டர்டனின் தாயிடமும் அக்காவிடமும் வாங்கிய அவனுடைய உண்மைக் கடிதங்களையும் சேர்த்துக்கொண்டார். பொய்க் கடிதமும் மெய்க் கடிதமும் ஒரே அட்டைக்குள்.

1905இல் ஹோரஸ் பிளீக்லி என்பவர் ‘நோட்ஸ் அண்ட் குவெரீஸ்’ இதழில் நீள்வட்டங்களுக்குப் பெயர் சூட்டத் தொடங்கினார். கோடு போட்ட இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போனார். பிரபுக்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பட்டமும் பரம்பரையும் அச்சிட்ட நூல்களில் இருக்கின்றன. வலப்பக்கமோ இடப்பக்கமோ, பெண் இருக்கும் வட்டங்களில் சிலவற்றுக்கு இன்றும் அந்த முதலெழுத்தும் நீண்ட கோடும்தான்.