‘காஞ்சிவரம்’ திரைப்படத்தில் நெசவாளரின் பிளவுண்ட மனம்

ஆய்வுச்சுருக்கம்

தனிமனிதரின் ஆசை, நாணம், குற்றவுணர்வு ஆகியன அவரது சமூகநிலையால் எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதைப் பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ திரைப்படத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நாயகனின் திருட்டு தனிமனித ஒழுக்கக் குறைபாடன்று, உழைப்புறவு மனத்துள் ஏற்படுத்திய பிளவின் வெளிப்பாடு என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: காஞ்சிவரம், பட்டு நெசவு, அந்நியமாதல், தன்மதிப்பு, குற்றவுணர்வு.

முன்னுரை

2007ஆம் ஆண்டிற்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் ஆகிய விருதுகளை ‘காஞ்சிவரம்’ பெற்றது. 1948இல் சிறையிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் காவலர்களுடன் ஊர் திரும்பும் நெசவாளர் வேங்கடத்தின் (பிரகாஷ்ராஜ்) நினைவுகளாகக் கதை விரிகிறது. இதனை வறுமையின் சோகக்கதையாக மட்டும் வாசித்தால், வறுமை மனத்துள் செய்யும் வேலை கவனத்திற்கு வராமற்போகும்.

ஆசையின் சமூக வேர்

தன் மனைவியைப் பட்டுடுத்தி மணக்க இயலாத வேங்கடம், மகள் தாமரையைப் பட்டுச்சேலையில் மணமகளாக அனுப்புவதாக ஊரறிய வாக்களிக்கிறான். நாள்தோறும் பட்டு நெய்பவனுக்கு ஒரு பட்டுச்சேலை எட்டாக்கனி. உழைப்பாளி படைத்த பொருளே அவனுக்கு எதிராக அந்நியப் பொருளாய் நிற்பதை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் விளக்கினார். வேங்கடத்திடம் இந்த அந்நியமாதல் பொருளியல் நிலையோடு நிற்காமல் நாணமாகவும் மாறுகிறது. வாங்குவோருக்குச் சேலை செல்வத்தின் அடையாளம். அவனுக்கோ அது தானும் மதிப்புக்குரியவன் என்பதற்கான சான்று. பாஸ்டன் நகரத் தொழிலாளரை ஆராய்ந்த ரிச்சர்ட் சென்னெட்டும் ஜொனாதன் காப்பும், தாழ்ந்த வர்க்கநிலையைத் தம் சொந்தத் தகுதிக்குறைவாக அவர்கள் உணர்வதை 1972இல் வெளியான நூலில் ‘வர்க்கத்தின் மறைகாயங்கள்’ என்றனர். வேங்கடத்தின் வாக்குறுதி அத்தகைய காயத்திலிருந்தே பிறக்கிறது.

முழங்கும் வாயும் மறைக்கும் வாயும்

தங்கையின் மணவாழ்வைக் காக்கச் சேமிப்பு கரைந்தபின், வேங்கடம் பட்டிழைகளை வாய்க்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். பொதுவுடைமைச் சிந்தனையின் தாக்கத்தால் நெசவாளரின் உரிமைக்காகப் பேசுவதும் அதே வாய்தான். நீதி கேட்கும் உறுப்பே இரகசியத்தைக் காக்கும் உறுப்பாகவும் அமைவதால், அவனது பிளவு உடலிலேயே பதிந்துவிடுகிறது. வேலைநிறுத்தத்திற்குத் தலைமையேற்கும் அவன், மகளின் திருமணம் நெருங்குகையில் இழை கிடைக்கும் வழி அடைபட்டிருப்பதை உணர்ந்து போராட்டத்தைக் கைவிடச் செய்கிறான். இதனைத் துரோகம் என்று மட்டும் தீர்ப்பிடுவது எளிது. ஆனால் கூட்டு விடுதலை தொலைவிலும் மகளின் திருமண நாள் அண்மையிலும் இருக்கும்போது, தந்தை என்னும் நிலையும் தோழர் என்னும் நிலையும் ஒரே மனத்துள் மோதுகின்றன. அந்த மோதலைத் தோற்றுவித்தது கூலிமுறையே.

தனித்தறியின் தனிமை

காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவில் சேலையின் உடலும் கரையும் தனித்தனி ஊடைநூலால் நெய்யப்பட்டு இணைக்கப்படுகின்றன. இதற்கு மரபாகவே துணையாள் தேவை. பாவு ஓட்டுதல், சாயமேற்றுதல் என ஒவ்வொரு நிலையிலும் பல கைகள் சேரும் தொழில் இது. இப்பின்னணியில் வேங்கடம் பிறர் கண்ணில் படாமல் தனியே நெய்வது, தொழிலின் கூட்டியல்பிலிருந்தே அவன் விலகியதைக் காட்டுகிறது. குற்றவுணர்வு அவனைத் தோழர்களிடமிருந்து மட்டுமன்றித் தன் கலையிலிருந்தும் பிரிக்கிறது.

படத்தின் வரம்பு

தாமரை கிணற்றில் விழுந்து முடங்குவது தற்செயல் நிகழ்வாக அமைகிறது. இதனால் அதுவரை சமூகக் காரணங்களில் வேரூன்றியிருந்த துயரம் விதியின் கைக்கு மாறும் இடர் உண்டு. எனினும் இறுதிக்காட்சி இதனை ஓரளவு ஈடுசெய்கிறது. கவனிப்பாரற்ற மகளுக்குத் தன் கையாலேயே நஞ்சூட்டிய தந்தை, முற்றுப்பெறாத பட்டால் அவளுடலைப் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது. துணியின் குறைநீளம் கூலியின் குறையளவாகவே நிற்கிறது.

முடிவுரை

வேங்கடத்தின் மனத்தை அவன் தறியிலிருந்து பிரித்து விளக்க இயலாது. அதே வேளையில் அவனை வர்க்கநிலையின் வெறும் விளைவாகச் சுருக்கவும் இயலாது. வாக்களித்தவனும் வாக்கைக் காக்கத் தோழர்களைக் கைவிட்டவனும் அவனே. சமூகநிலை அவன் முன்னிருந்த தெரிவுகளைக் குறுக்கியது. அவற்றுள் ஒன்றைத் தெரிந்த வலியை அவனிடமே விட்டது. உழைக்கும் மக்களைப் பற்றிய கலைப்படைப்புகளை ஆராய்வோர் இவ்விரண்டையும் ஒருசேரக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதே இப்படம் உணர்த்துவது.