நல்ல ஓட்டுநர் ஏலம் கேட்கக் கூடாது

முன்னால் ஓடுகிறவன் சுமாரான ஓட்டுநர். துரத்துகிற நம்மவர் கெட்டிக்காரர், காரும் நல்ல கார். ஏலம் தொடங்குகிறது. "அஞ்சு" என்கிறான் ஓடுகிறவன். நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்து "மூணு" என்கிறார். மேசையைச் சுற்றி ஆரவாரம். ஏலம் அவருக்கு. உண்மையில் என்ன நடந்தது? பகடையைத் தொடுவதற்கு முன்பே, தப்பிக்கும் வாய்ப்பை எதிராளிக்கு ஏறக்குறைய மூன்று மடங்காக்கிக் கொடுத்துவிட்டார்.

எப்படி என்று பார்ப்பதற்கு முன், ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் வாகனத் துரத்தல் நெடுங்காலம் சவலைப் பிள்ளையாகத்தான் இருந்தது. வேகம் கூடிய வண்டி ஜெயிக்கும், அவ்வளவுதான். 1983இல் விக்டரி கேம்ஸ் வெளியிட்ட 'ஜேம்ஸ் பாண்ட் 007' அதை மாற்றியது. விக்டரி கேம்ஸ், அவலான் ஹில்லின் துணை நிறுவனம், எஸ்.பி.ஐ. என்ற போர் விளையாட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கியது. வடிவமைத்தவர் ஜெரார்ட் கிறிஸ்டோபர் க்ளுக். உரிமம் முடிந்து 1987இல் ஆட்டம் கடையிலிருந்து போய்விட்டது. ஆனாலும் துரத்தல் விதி என்று பேச்செடுத்தால் பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் இதைத்தான் இழுப்பார்கள்.

விதி இதுதான். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் திறமையைக் காட்டும் ஓர் அடிப்படை எண் உண்டு. அதை 'ஈஸ் ஃபேக்டர்' என்னும் எளிமை எண்ணால் பெருக்கினால் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பது வந்துவிடும். அடிப்படை 18, எளிமை எண் 5 என்றால் 90 சதவீதம். எளிமை எண் 2 என்றால் 36தான். சாதாரண வேலைகளில் இந்த எளிமை எண்ணை, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் சொல்வார். துரத்தலில் மட்டும் இரு தரப்பும் ஏலம் போட்டு இறக்கிக்கொண்டே போக வேண்டும். யார் கடைசியாக இறக்கினாரோ, இந்தச் சுற்றில் முதலில் நகர்வது யார் என்பதை அவர் முடிவு செய்வார். ஆனால் இறக்கிய எண் இரண்டு பேருக்கும் பொது.

நம் ஊர் ஏலச்சீட்டைத் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். சீட்டில் அவசரக்காரன் அதிகம் தள்ளி எடுப்பான். தள்ளிய தொகை மற்றவர்களுக்குக் கழிவாக வரும். இங்கே கழிவு யாருக்கும் கிடையாது. தள்ளியவன், தள்ளாதவன் இருவர் தலையிலும் அதே சுமை ஏறுகிறது. மலைப்பாதையில் ஒருவன் வேகத்தைக் கூட்டினால் பின்னால் வருகிறவனும் கூட்டித்தானே ஆக வேண்டும்? க்ளுக்கின் விதி அந்த நிர்ப்பந்தத்தை ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறது.

இனி கணக்கு. துரத்துகிறவர் 18, ஓடுகிறவன் 10. கார்களின் வித்தியாசத்தை இப்போதைக்கு மறந்துவிடுவோம். துரத்துகிறவருக்கு வேண்டியது தான் வென்று அவன் தவறும் சுற்று. எளிமை எண் 5இல் இவருக்கு 90, அவனுக்கு 50. இவர் வென்று அவன் தவற 45 சதவீத வாய்ப்பு. அவன் வென்று இவர் தவற வெறும் 5 சதவீதம். ஒன்பதுக்கு ஒன்று. இதைவிட நல்ல நிலை எங்கே கிடைக்கும்?

ஏலத்தை 3க்கு இறக்கினால் இவருக்கு 54, அவனுக்கு 30. முதல் வாய்ப்பு 38க்குச் சரிகிறது. இரண்டாவது 14ஐ நெருங்குகிறது. 2க்குப் போனால் 29க்கு 13. இரண்டே கால் மடங்குதான் மேல் கை. அதைவிட மோசம், அந்த எண்ணில் பாதிக்கும் மேற்பட்ட சுற்றுகளில் இருவருமே தவறுவார்கள். தவறினால் வண்டி கைமீறுகிறதா என்ற கேள்வி வரும். இருவரும் பள்ளத்தில் கிடந்தால் அது யாருக்கு லாபம்? ஓடுகிறவனுக்கு. இறங்கி நடந்தே போய்விடுவான்.

வென்றால் எவ்வளவு நன்றாக வென்றார் என்பதற்கு இந்த ஆட்டத்தில் 1 முதல் 4 வரை தர எண் உண்டு. 1 மிகச் சிறப்பு. மொத்த வாய்ப்பு பெருகப் பெருக, முதல் தரம் விழும் இடமும் விரியும். ஆக, தர எண்ணைக் கணக்கில் சேர்த்தாலும் தீர்ப்பு மாறப்போவதில்லை. திறமை உள்ளவருக்குச் சாலை எளிதாக இருக்க வேண்டும். கடினம் கூடக் கூட அவருடைய திறமை கரைந்து, ஆட்டம் அதிர்ஷ்டத்தின் கைக்குப் போகிறது.

இதைத் திருப்பிப் போட்டால் பலவீனமான துரத்துநருக்கு வழி தெரியும். 10ஐ வைத்துக்கொண்டு 18ஐத் துரத்துகிறவர் 5இல் நின்றால் செத்தார். அவர்தான் கூசாமல் "மூணு" சொல்ல வேண்டும். ஆனால் நம் மேசைகளில் நடப்பது நேரெதிர். கெட்டிக்காரர் வீம்புக்கு இறக்குகிறார். பலவீனமானவர் பயந்து உயரத்திலேயே நின்றுவிடுகிறார். பாண்ட் படங்களைப் பார்த்து வளர்ந்த பழக்கம் இது. திரையில் நாயகன் குறுகலான சந்தில் கார் ஓட்டினால் நமக்குக் கைதட்டத் தோன்றும். நல்ல ஓட்டுநர் எதற்காகச் சந்துக்குள் போக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

நல்ல துரத்துநர் ஏலத்தில் வாயே திறக்கக் கூடாதா? திறக்கலாம், இரண்டு சமயங்களில்.

ஒன்று, சிவப்புக்கோடு. ஒவ்வொரு வாகனத்துக்கும் 'ரெட்லைன்' என்று ஓர் எல்லை உண்டு. ஏலம் அதற்குக் கீழே போனால் ஓட்டுநர் எவ்வளவு சமர்த்தராக இருந்தாலும் வண்டி தாங்குமா என்பது சந்தேகம். உங்கள் வண்டியின் கோடு அவனுடையதைவிடத் தாழ்வாக இருந்தால், இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏலத்தைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். உங்கள் கார் தாங்கும், அவனுடையது திணறும். கனமான லாரியில் தப்பி ஓடுகிறவனை விளையாட்டுக் காரில் துரத்தும்போது இதைச் செய்யாமல் விடுவது பாவம். உங்கள் கையில் லாரி இருந்தாலோ, மறுபடியும் வாயை மூடிக்கொள்வதே நல்லது.

இன்னொன்று, ஒட்டி வந்துவிட்ட பிறகு. தூரத்தில் இருக்கும்போது யார் முதலில் நகர்கிறார் என்பதற்குப் பெரிய விலை இல்லை. அதை வாங்க 5ஐ 3ஆக்குவது காசைக் கரியாக்குவது. பம்பருக்குப் பம்பர் வந்துவிட்டால் கதை வேறு. இப்போது நீங்கள் இடித்துத் தள்ளலாம். அவனோ வண்டியைச் சுழற்றி வந்த வழியே திரும்பி ஓடலாம். அவன் திரும்புவதற்குள் இடிக்க வேண்டும் என்றால் முதல் நகர்வு உங்களுடையதாக இருக்க வேண்டும். அதுவரை சேர்த்துவைத்த சாதகத்தில் கொஞ்சத்தைச் செலவழித்து அந்த ஒரு சுற்றை வாங்குங்கள். அமெரிக்கப் போலீஸ்காரர்கள் ஓடும் காரின் பின்சக்கரத்துக்குப் பின்னுள்ள பக்கவாட்டைத் தட்டிச் சுழலவிடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். முதலில் பக்கத்தில் போய் வேகத்தைச் சமன்படுத்துவார்கள், தட்டுவது கடைசியில்.

எல்லா ஆட்டத்துக்கும் இது செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே எண்பதுகளில் பிரபலமான ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் 'கார் வார்ஸ்' மேசையில், நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவரைப் போல முட்டாள் இல்லை. அங்கே கார்களின் பின்பக்கத்திலிருந்து எண்ணெய் கொட்டும், ஆணி விழும், கண்ணிவெடி உருளும், புகை கிளம்பும். துரத்துகிறவர் ஒரு தடம் தள்ளி, சாய்வாகத்தான் வர வேண்டும். பாண்டிலிருந்து கார் வார்ஸுக்கு மாறிய முதல் நாளில் நானும் ஒரு காரின் வாலைப் பிடித்துக்கொண்டே போனேன். எண்ணெயில் வழுக்கிய என் வண்டி எங்கே போய் நின்றது என்பதை நண்பர்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பாண்டுக்கே திரும்புகிறேன், முக்கியமான ஒன்று மிச்சம். நாயகர்களிடம் 'ஹீரோ பாயிண்ட்' உண்டு. ஒன்றைச் செலவழித்தால் தர எண் ஒரு படி நகரும். பெரிய வில்லன்களிடமும் அதற்கு ஒப்பாக 'சர்வைவல் பாயிண்ட்' உண்டு, தன்னைக் காத்துக்கொள்ள மட்டும். இதை மறந்துவிட்டு முதல் இடியிலேயே வில்லன் அகப்படுவான் என்று எதிர்பார்ப்பவர்கள் கொதித்துப்போகிறார்கள். "இவ்வளவு அருமையாகப் போட்டும் தப்பிச்சுட்டானே!" தப்பித்தான், சரி, ஆனால் கைக்காசைக் கொடுத்துத்தான் தப்பித்தான். துரத்துகிறவர் தன் புள்ளிகளை முதல் இரண்டு இடிகளில் இறைக்காமல், 5இலேயே ஏலத்தை நிறுத்தி, சாதாரண வெற்றிகளாலேயே அவனுடைய புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கறக்க வேண்டும். மேசைக்கு அது அலுப்பாக இருக்கும். கேம் மாஸ்டர் "ஏதாவது சாகசம் பண்ணுங்களேன்" என்று சீண்டுவார். பேசாமல் இருங்கள். திரைக்குப் பின்னால் அவர் தன் தாளில் எதையோ அடித்து எழுதுகிறார், கவனியுங்கள். அப்படி எழுதுவது நின்றுபோன சுற்றில் "மூணு" சொல்லலாம்.